அடுக்களை வரை கேட்ட குரல்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் டிவி பட்டாசலில், அதாவது கூடத்தில், இருந்தது. அம்மா இருந்தது அடுக்களையில். நடுவில் ஒரு சுவர். அதனால் 80களின் கடைசியிலும் 90களிலும் டிவியில் வந்த படங்களில் பாதியை அம்மா பார்த்ததே கிடையாது, கேட்டிருக்கிறாள். தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். திடீரென்று உள்ளேயிருந்து குரல் வரும்: "டெல்லி கணேஷா? இன்னிக்கு நல்லவனா, கெட்டவனா?"

கதாநாயகன் குரலை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். நாலு வரி பேசிவிட்டு நகர்ந்துவிடும் ஒருவரின் குரல் சுவர் தாண்டிப் போய், தேங்காய் துருவும் சத்தத்தையும் தாண்டி, ஒரு ஆளை நிமிர வைப்பது வேறு விஷயம். நல்லவனா கெட்டவனா என்று அம்மா கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் குரலை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதே குழைவில் மகளுக்குக் கல்யாணம் பேசுவார், அதே குழைவில் கூட இருப்பவனுக்குக் குழியும் பறிப்பார்.

2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு, சென்னை ராமாபுரத்தில் அவர் காலமானார். வயது 80. மறுநாள் காலை அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நம்மூர்க்காரர்லா" என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நம்மூர்க்காரர்தான். வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். தாமிரபரணி பக்கத்திலேயே ஓடும், அந்தப் பக்கம் பொட்டல் காடும் குன்றும். வெளிமான் சரணாலயம் என்று போர்டு இருக்கும். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு மானைக்கூடப் பார்த்ததில்லை. 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி அங்கே பிறந்த கணேசன், இருபது வயதில் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1964 முதல் 1974 வரை, பத்து வருஷம். பட்டாளத்துக்குப் போய்விட்டு வந்த ஆள் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. மீசையும் டிரங்குப் பெட்டியுமாக இறங்குவார்கள், அப்புறம் ஆயுசு முழுக்க 'அந்தக் காலத்தில் பதான்கோட்டில்' என்று ஆரம்பிப்பார்கள். இவர் கொண்டுவந்தது நாடகத்தை.

அது எப்படி என்று புரிய, அந்தக் காலத்து டெல்லித் தமிழர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் பெரியப்பா அங்கே மத்திய அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். கரோல்பாக்கில் ஒரு மாடி அறையில் நாலு பேரோடு தங்கல். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து டெல்லிக்குப் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பையன்களில் ஒருவர். பகலெல்லாம் ஃபைல், இந்தி, இங்கிலீஷ். சாயங்காலம் தமிழ் கேட்க ஏங்குவார்கள். அதற்காகவே சங்கங்களும் சபாக்களும் நாடகக் குழுக்களும் முளைத்தன. அப்படி ஒன்றுதான் தட்சிண பாரத நாடக சபா. விமானப்படை கணேசன் மேடை ஏறியது அதில்.

டிவியில் டெல்லி கணேஷ் வந்தால் போதும், பெரியப்பா, "இவரை நான் மேடையிலேயே பார்த்திருப்பேன்" என்பார். பார்த்தேன் என்று சொல்லமாட்டார், பார்த்திருப்பேன் என்பார். எந்த நாடகம் என்று கேட்டால் பேச்சு டெல்லிக் குளிருக்கு மாறிவிடும்.

டெல்லியில் தமிழ் பேசியே பேர் வாங்கிய இன்னொருவரும் தாமிரபரணிச் சீமைக்காரர்தான், தென்காசியில் பிறந்த பூர்ணம் விஸ்வநாதன். 1947இல் சுதந்திரச் செய்தியை வானொலியில் தமிழில் வாசித்தவர். அவரும் நாடகம், அவரும் பின்னால் சினிமாவில் அப்பா, தாத்தா. ஊரைவிட்டு ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்தால்தான் தமிழ் காதில் சுத்தமாக விழுமோ என்னவோ. எனக்கு அப்படி ஒரு சந்தேகம் உண்டு.

படையை விட்டு வந்தபின் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு. விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' அங்கே மேடை ஏறியது. அதை கே. பாலசந்தர் படமாக எடுத்தார், 1977இல். 'வான் நிலா நிலா அல்ல' என்று வயலினோடு வரும் பாட்டு இன்றைக்கும் ராத்திரி எஃப்.எம்.மில் ஒலிக்கிறதே, அந்தப் படம். கணேசன் அதில்தான் சினிமாவுக்கு வந்தார். டெல்லி என்ற அடைமொழியும் பாலசந்தர் கொடுத்ததுதான். கொடுக்காமல் முடியாது என்றே நினைக்கிறேன். நாடகம் ஒருவருக்கு சிவாஜி என்று கொடுத்துவிட்டது, ஸ்டூடியோ இன்னொருவருக்கு ஜெமினி என்று கொடுத்துவிட்டது. மூன்றாவதாக ஒரு கணேசன் வந்தால் அவருக்கும் முன்னால் ஏதாவது ஒன்று வேண்டாமா? பிறந்த ஊரை ஒட்டி வல்லநாடு கணேசன் என்று வைத்திருந்தால் ஜோராகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாதஸ்வர வித்வான் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு வருஷம் கழித்து 1979இல் 'பசி'. துரை இயக்கியது. அவரை வெறும் 'மாமா' நடிகராக நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். சென்னைச் சேரியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற அப்பா. மகள் குப்பம்மா தெருவில் காகிதம் பொறுக்குகிறவள், ஷோபா. அந்தப் படத்துக்குத்தான் ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 1980 மே 1ஆம் தேதி அவர் இறந்தபோது பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. அதனாலேயே 'பசி' என்றதும் எல்லோருக்கும் ஷோபா ஞாபகம் வந்துவிடுகிறார், பக்கத்தில் இருந்த அப்பா பின்னால் போய்விடுகிறார். தமிழக அரசு இவருக்கும் அந்தப் படத்துக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது என்பது பலருக்கு மறந்தே போயிற்று.

நெல்லைச் சீமையில் பிறந்து பத்து வருஷம் சீருடையில் இருந்த ஒருவர், மெட்ராஸ் பாஷை பேசி ரிக்‌ஷா ஓட்டுகிறார். சினிமாவில் மெட்ராஸ் பாஷை என்றால் பெரும்பாலும் தமாஷுக்குத்தான். 'இன்னா', 'கஸ்மாலம்' என்று நாலு வார்த்தையை உரக்கப் போட்டால் தியேட்டர் சிரிக்கும். இவர் பேசும்போது சிரிப்பு வராது. களைத்துப் போன ஒரு ஆள், பேச வேண்டியிருக்கிறதே என்று பேசுவது மாதிரி இருக்கும். நான் இதை முதலில் பார்த்தது கல்லூரியில் படிக்கிற காலத்தில், தூர்தர்ஷனில். பாதிப் படம் வரை அது டெல்லி கணேஷ் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அன்றைக்கு அடுக்களையில் இல்லை, கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாளா என்று பின்னால் யோசித்தது உண்டு.

1981இல் 'எங்கம்மா மகாராணி' என்ற படத்தில் அவரைக் கதாநாயகனாகவும் போட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அதே வருஷம் பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தார். கட்டின மனைவியை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுத்துகிற கொடூரக் கணவன். முகம் சிரஞ்சீவி, குரல் நம்மூர். நல்லவனா கெட்டவனா என்ற அம்மாவின் கேள்விக்கு அன்றைக்கு விடை சுலபம்.

எனக்கு அவரை மிகவும் பிடித்தது 'சிந்து பைரவி'யில், 1985. ஜே.கே.பி. என்ற பெரிய பாடகராக சிவகுமார். ஒரு பக்கம் தம்புராவோடு ஜனகராஜ், இன்னொரு பக்கம் மிருதங்கத்தோடு டெல்லி கணேஷ். மிருதங்க வித்வான் குருமூர்த்திக்குக் குடிப்பழக்கம். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்தவரைப் பாடகர் மேடையில் உட்காரவிடமாட்டார், மிருதங்கம் இல்லாமலேயே பாடுவார்.

எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். அவரிடம் நான் ஆறு மாதம் போனேன், ஒன்றும் ஏறவில்லை. ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். பக்கவாத்தியக்காரர் கண் தன் கையில் இருக்காது, பாடுகிறவர் முகத்தில் இருக்கும். பாடகர் மூச்சு எடுக்கிற இடம், சங்கதியை முடிக்கப் போகிற இடம், மறந்துபோய்த் தடுமாறுகிற இடம் எல்லாம் இவருக்கு அரை நொடி முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். வாத்தியார் இடந்தலைக்கு ரவைப் பசை தடவிக்கொண்டே ஒருநாள், "அடிக்கிறது பத்து நாள்ல வரும்டே, கேக்கதுக்குத்தான் பத்து வருஷம்" என்றார். நான் பத்து நாள் பாடத்திலேயே நின்றுவிட்டேன்.

குருமூர்த்தியாக டெல்லி கணேஷ் கேட்கிற விதத்தைப் பாருங்கள். அவமானப்பட்டு வெளியே போனவர், அந்தப் பாடகரே பின்னால் குடியில் விழுந்து தெருவுக்கு வரும்போது பக்கத்தில் நிற்கிறார். பழிவாங்கின திருப்தி முகத்தில் துளி இருக்கக் கூடாது. பெரிய உபதேசியாகவும் ஆகிவிடக் கூடாது. தான் ஏற்கெனவே போய்த் திரும்பி வந்த வழியில் இன்னொருத்தன் போவதைப் பார்க்கிற சங்கடம் மட்டும் தெரிய வேண்டும். அது தெரிகிறது. வசனத்தில் இல்லை, சிவகுமார் பேசும்போது இவர் சும்மா நிற்கிறாரே, அதில்.

நடிகர்களில் பேசுகிறவர்கள் நிறைய. எதிராளி பேசும்போது கேட்கிறவர்கள் குறைச்சல். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகரின் கண் தனியாகத் தெரிந்துவிடும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் அந்த ஆளை ரசிக்கவே முடியாது. யார் யார் என்று நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே நாலு பேர் தோன்றியிருப்பார்கள்.

1987இல் 'நாயகன்'. இங்கேயும் ஜனகராஜ் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நடுவில் கமல்ஹாசனின் வேலு நாயக்கர். பம்பாயையே ஆள்கிற நாயக்கருக்கு இந்தி தெரியாது. கூட இருக்கிற ஐயருக்குத் தெரியும். விமானப்படையில் பத்து வருஷம் இருந்தவருக்கு இந்தி புதிதா என்ன. அவன் சொல்வதை இவரிடம், இவர் சொல்வதை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. மொழிபெயர்ப்பாளருக்கு உள்ள தர்மசங்கடமெல்லாம் அந்த முகத்தில் உண்டு. நாயக்கரின் கோபத்தை அப்படியே சொல்லலாமா, கொஞ்சம் தணித்துச் சொல்லலாமா? நான் பேங்கில் இருந்தபோது வடக்கிலிருந்து வந்த மேலதிகாரிக்கும் நம்மூர் வாடிக்கையாளருக்கும் நடுவில் நின்று இதே வேலையைச் செய்திருக்கிறேன். விவசாயி, "இவன் யாருவே கேக்கதுக்கு" என்பார். நான், "அவர் விவரம் கேட்கிறார் சார்" என்பேன். அப்போதெல்லாம் எனக்கு அந்த ஐயர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

கமலோடு அவர் சேர்ந்த படங்களைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் குள்ள அப்பு பழிவாங்கும் நால்வரில் ஒருவர். 'அவ்வை சண்முகி'யில் ஜெமினி கணேசனுக்கு செக்ரட்டரி, கடைசியில் இரண்டு கணேசன்களும் ஒரே பிரேமில். 'தெனாலி'யில் டாக்டர் பஞ்சபூதம், ஜெயராம் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் மனநல மருத்துவர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தைத் தாண்டிப் போக முடியாது. நாலு கமல்களில் ஒருவர் சமையல்காரர் காமேஸ்வரன். அவரை எடுத்து வளர்த்தவர் பாலக்காட்டு மணி ஐயர். கமலின் பாலக்காட்டுத் தமிழை ஊரே மெச்சியது. சரி, மெச்ச வேண்டியதுதான். ஆனால் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? அப்பாவிடமிருந்துதானே. அப்பன் வாயில் அந்த இழுப்பு சரியாக இருந்தால்தான் பிள்ளை வாயில் அது நிற்கும். கமல் அதைக் கொஞ்சம் தூக்கலாக, பாட்டு மாதிரி பேசுவார், பிரமாதமாக இருக்கும். மணி ஐயரோ பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறேன், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி பேசுவார். ஒருவர் தனி வாசிக்கிறார், ஒருவர் தாளம் பிடிக்கிறார். கல்யாணச் சாம்பாருக்குள் மீன் விழுகிற அந்தக் களேபரம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஐம்பது வருஷமாகக் கட்டிக்காத்த தொழில் மானம் அண்டாவுக்குள் முழுகுகிற பதைப்பு பின்னால் இருப்பதால்தான் கிரேசி மோகனின் வசனம் அந்த அளவுக்கு எடுபடுகிறது. எல்லோரும் சிரிக்க வைக்கப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

என் தங்கை கல்யாணத்தில் நடந்தது இது. சமையல் கான்ட்ராக்டர் பெரியவர். தோளில் துண்டு. கொதிக்கிற சாம்பாரைக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உப்பு டப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான், உதவியாள் பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான். பின்னாலிருந்து சித்தி சொன்னாள், "அப்படியே டெல்லி கணேஷ்!" நாற்பது வருஷமாக அண்டா முன்னால் நிற்கிற ஒரு நிஜச் சமையல்காரர், சினிமாக்காரர் மாதிரி இருக்கிறாராம். அந்தப் பெரியவருக்கும் அது காதில் விழுந்தது. துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் பெருமைதான்.

டிவி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி சென்னைத் தொலைக்காட்சியில் நாடகம் போட்ட காலம் தொட்டே மேடை நடிகர்களுக்கு அந்தப் பெட்டியில் இடம் இருந்தது. 90களில் தனியார் சானல்கள் வந்து மெகா சீரியல் யுகம் பிறந்ததும், சினிமாவில் அப்பா வேஷம் கட்டியவர்கள் எல்லோரையும் சீரியல் உள்ளே இழுத்தது. சன் டிவியில் 'கஸ்தூரி' ஓடிய வருஷங்களில் அவர் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார் என்றே சொல்ல வேண்டும். அம்மா சீரியல் நேரத்தில் மட்டும் அடுக்களையை மூடிவிடுவாள்.

சீரியல் நடிப்பை மட்டமாகப் பேசுவது நம்மிடம் ஒரு வழக்கம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அங்கே வேலை நடக்கிற விதத்தை ஒருமுறை பார்த்தால் வாய் அடங்கிவிடும். சாலிகிராமத்தில் ஒரு ஷூட்டிங் வீட்டுக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். அது வேறு சீரியல், வேறு ஆட்கள். காலையிலிருந்து ராத்திரி வரை ஸீன் ஸீனாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பேப்பர் அப்போதுதான் கைக்கு வருகிறது. உதவி இயக்குநர் ஓரமாக நின்று வசனத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, நடிகர் அதையே திருப்பிச் சொல்கிறார், டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒத்திகை கிடையாது. இந்த வேகத்தில், நாடக மேடையில் ஊறியவர் பக்கத்தில் நின்றால் எதிரில் இருக்கிற புதுப் பெண்ணுக்கும் நடிப்பு வந்துவிடும், யாராவது ஒருவர் உண்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே. சீரியல் அப்பாக்களுக்கு உள்ள ஒரே ஆபத்து கால்ஷீட் தகராறு. ஒரு வாரம் தேதி இல்லையென்றால் காசிக்குப் போய்விடுவார்கள். நிரந்தரமாக இல்லையென்றால் சுவரில் மாலை போட்ட போட்டோ.

கடைசிப் பத்து வருஷங்களில் அவரைக் குறும்படங்களிலும் யூடியூபிலும் நிறையப் பார்த்தேன். பேட்மேன் சென்னைக்காரனாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பையன்கள் ஒரு வீடியோ போட்டார்கள். அதில் பேட்மேன் வீட்டு ஆல்ஃபிரட் யார் என்று நினைக்கிறீர்கள்? இவரேதான். எழுபது தாண்டிய ஒருவர், பேரன் வயசுப் பிள்ளைகள் கூப்பிட்டதும் போய் நின்றிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் மகன், "அப்பா, இவர் யாரு, சூப்பரா பண்றாரு" என்றான். நான் 'பசி'யைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டான். வயசாகட்டும்.

நானூறு படத்துக்கு மேல் என்கிறார்கள். எல்லாம் தேறும் என்று சொல்லமாட்டேன். அவருக்கென்று எழுதாமல், 'ஐயர் கேரக்டரா, டெல்லி கணேஷைக் கூப்பிடு' என்று சும்மா கூப்பிட்ட படங்கள் எக்கச்சக்கம். பஞ்சகச்சம், விபூதி, 'என்னடா அம்பி' என்று ஒரு வரி. தமிழ் சினிமா அவரைப் பயன்படுத்திய அளவுக்கு யோசித்ததில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. ரிக்‌ஷாக்காரரைப் பார்த்த பிறகும் இப்படிச் செய்தார்களே என்று இருக்கும். ஷங்கரின் 'இந்தியன் 2' 2024 ஜூலையில் வந்தது. அதிலும் இருந்தார். நாலு மாதத்தில் போய்விட்டார்.

அஞ்சலி செலுத்த வந்தவர்களை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். சினிமாக்காரர்கள் கார் காராக வந்தார்கள், மைக்குக்கு முன்னால் நின்று பேசினார்கள். நடுவில், சீருடையில் விமானப்படை வீரர்கள் வந்தார்கள். பேச்சு எதுவும் இல்லை. அவர் மேல் விமானப்படைக் கொடியைப் போர்த்தினார்கள், மரியாதை செய்தார்கள். அவர் அந்த உத்தியோகத்தை விட்டு ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, டிவிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறோம். "என்னடே நடக்கு, சத்தத்தையே காணும்?" என்றாள். பட்டாளத்துக்காரங்க வந்திருக்காங்கம்மா என்றேன்.

"அவுஹ ஆளுல்லா" என்றாள்.